லயத்துக் கூரையும் தாமான் கூரையும்

ஜொகூரில் வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைக் காற்றை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்திலும் அதன் முன்பின் மாதங்களிலும், ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும், சுமத்ராவின் பக்கத்திலும் மலாக்கா நீரிணையின் மேலும் இரவெல்லாம் திரண்ட மேகம் வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, ஊர் இன்னும் போர்வைக்குள் கிடக்கிற நேரமாகப் பார்த்து வந்து சேரும். முதலில் ஒரு புழுக்கம். பிறகு கால்மாட்டில் ஒரு குளிர்ச்சி. அதன் பின்னால் ரப்பர் காட்டுக்குள் இருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, ஒவ்வொரு நிரையாகத் தாண்டி, லயத்தை நோக்கி வருவது படுத்திருப்பவர் காதுக்கே தெரியும். அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். பிறகு வெளிச்சம் வந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரித் தூறிக்கொண்டிருக்கும்.

1984 ஏப்ரல் 25 அன்று இப்படி வந்த ஒரு காற்றை ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் தெங்காவில், மணிக்கு 144.4 கிலோமீட்டர் என்று அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் காற்றை அளக்கிற கருவி எதுவும் கிடையாது. எந்த லயத்தில் எத்தனை தகரம் போனது, அது எந்த மரத்தில் போய் மாட்டிக்கொண்டது என்பதுதான் எங்கள் அளவு. 'அந்த வருஷம் கோயில் தகரம் ஆயாக்கொட்டகை வரைக்கும் போச்சுல்ல' என்று பெரியவர்கள் சொன்னால், அந்தக் காற்றின் பலம் கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது பழக்கத்தால்தான். அங்கே எதுவும் எங்களுடையதாக இருக்கவில்லை என்பதை அப்புறம் சொல்கிறேன். தாத்தா காலத்து லயம் அத்தாப்புக் கூரை. நிப்பா ஓலையைக் குச்சியின் மேல் மடித்துத் தைத்து, இறவாணத்திலிருந்து முகடு வரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்களாம். பகலில் குளிர்ச்சி, மழையில் ஓசையில்லை, அடுப்புப் புகை ஏறி ஏறி ஓலையைப் பூச்சி அண்டாமல் காத்ததாம். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், நெருப்புப் பொறி பட்டால் லயமே போய்விடும் என்பதையும் பாட்டி மறக்காமல் சேர்த்துச் சொல்வார். எனக்கு விவரம் தெரிந்தபோது எல்லாம் தகரமாகிவிட்டது. நண்பகலில் உள்ளே நிற்க முடியாத வெக்கை. ஆனால் மழை வந்துவிட்டால் அந்தத் தகரத்துக்கு ஈடாக உலகத்தில் வேறொன்றும் இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். மழை வலுத்ததும் பேச்சு நின்றுவிடும். அம்மாவும் அப்பாவும் வாக்குவாதத்தில் இருந்தால் அதுவும் பாதியில் நிற்கும், ஏனென்றால் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. தமிழ்ப்பள்ளியிலும் தகரக் கூரைதான். வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிற வகுப்பு மழை வந்ததும் வாயசைப்பாக மாறி, வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். நாங்களும் அவர் பார்க்கிற பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாடம் நடக்காத அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வகுப்பில் ஒருவரும் சேட்டை செய்ததாக எனக்கு நினைவில்லை. மழையின் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பதே அவ்வளவு நிறைவான வேலையாக இருந்தது.

காற்று வருகிற இரவில் மட்டும் அந்தத் தகரமே எதிரியாகிவிடும். ஓர் ஓரத்தில் ஆணி கழன்றால் போதும், காற்று அடியில் விரலை நுழைத்து ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டே போகும். கூரைமேல் பழைய டயரும் கட்டைகளும் ஏற்றி வைத்திருப்பார்கள். அதையும் மீறிப் போகிற வருஷங்கள் உண்டு. லயத்துக்கு ஒரே கூரை என்பதால் கோடி வீட்டில் தொடங்கியது நடு வீட்டில் வந்துதான் நிற்கும். தலைக்கு மேல் தகரம் போன வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள், தள்ளிக்கொண்டே உள்ளே வருவார்கள். அடுத்த வீட்டில் அதற்குள் பாய் விரித்திருக்கும்.

விடிந்ததும் தகரம் பொறுக்கப் போவோம். ரப்பர் மரம் காற்றைத் தாங்காது. நடுமரத்தில் முறிந்து, முறிந்த இடத்தில் பால் கசிந்துகொண்டு நிற்கும். அந்த மரங்களுக்கு நடுவே வளைந்தும் நெளிந்தும் கிடக்கிற தகரங்களை ஆண்கள் சுமந்து வர, தோட்டத்து ஆசாரி மாமா ஏணியோடு வந்துவிடுவார். புது ஆணி ஸ்டோரிலிருந்து வர நாளாகும் என்பதால் பிடுங்கிய பழைய ஆணிகளை நிமிர்த்துகிற வேலை பையன்களுக்கு. ஆணியைக் கல்லின்மேல் படுக்க வைத்து, முதுகு மேலே இருக்கும்படி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் ஓங்காமல் தட்ட வேண்டும். ஓங்கினால் அது மறுபக்கம் வளையும், இல்லையென்றால் விரல் நசுங்கும். நிமிர்ந்த ஆணியை மாமா ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். சரியாக இருந்தால் வாயில் கவ்விக்கொள்வார், இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கையில் தருவார். அவர் வாயில் கவ்விக்கொண்ட முதல் ஆணி எனக்குத் தந்த பெருமையை, பிற்பாடு வாங்கிய எந்தச் சான்றிதழும் தரவில்லை.

திரும்ப அடிக்கும்போது பழைய ஓட்டையும் நிமிர்த்திய ஆணியும் ஒருபோதும் ஒத்துப்போகாது. பழைய ஓட்டைகளைக் கோணித் துண்டும் தாரும் வைத்து அடைப்பார்கள். அடைபடாமல் தப்பியவை பகலில் வீட்டுக்குள் சின்னச் சின்ன வெளிச்சக் காசுகளாகத் தரையில் விழுந்து, வெயில் நகர நகரச் சுவரேறிப் போகும். தங்கை அவற்றைக் கையில் பிடித்துத் தன் கவுன் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது என் அம்மாவுக்குச் செய்கிற அநியாயம். அந்த வீடும் கூரையும் அடியில் இருந்த மண்ணும் கம்பெனியுடையவை. தகரம் போனால் அப்பா தண்டலிடம் சொல்ல வேண்டும், தண்டல் கிராணியிடம், கிராணி துரையிடம். துரையின் கையெழுத்து கிடைத்த பிறகுதான் ஸ்டோர் திறக்கும். அதுவரை சாக்கும் பாயும்தான் கூரை. காற்றடித்த அன்று பெரட்டும் கிடையாது. ஈரப் பட்டையில் மரம் சீவினால் பால் வெட்டின் வழியே இறங்காமல் பட்டை முழுக்கப் பரவி வீணாகும், மங்கில் பாலைவிட மழைத் தண்ணீர்தான் நிறையும். வேலையில்லாத நாளுக்குக் கூலியில்லை. அரிசி நனைந்த அன்றே அரிசி வாங்குகிற காசும் நின்றுவிடும் என்று அர்த்தம். அம்மா என் புத்தகங்களை அடுப்பைச் சுற்றி நிறுத்திக் காய வைத்தார். காய்ந்த புத்தகம் இரண்டு மடங்கு பருமனாகி, அந்த வருஷம் முழுக்கப் பைக்குள் அடங்கவில்லை. நனைந்ததற்கும் இழந்ததற்கும் யாராவது ஈடு தருவார்கள், கேட்டுப் பெறலாம் என்ற எண்ணம் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை. வீடே நமதல்ல எனும்போது, அதன் கூரை போனது நம் இழப்பு என்று எந்தக் காகிதத்தில் எழுதுவது?

தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 446-ஆம் சட்டம் 1990-இல் வந்தது. அது வந்தபோது நாங்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமானாகி, ரெங்கத்திலிருந்தும் லாயாங்-லாயாங்கிலிருந்தும் பிள்ளைகள் கூலாய், ஸ்கூடாய், மாசாய், பாசீர் கூடாங் என்று தொழிற்சாலைகளைத் தேடி இறங்கிய காலம். நானும் கூலாயில் ஒரு தாமானில், பேங்க் கடனில், ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றை வாங்கினேன். சிமெண்ட் ஓடு, அடியில் சிலிங், சுற்றிலும் செங்கல். குடிபோன வாரத்தில் ஒரு விடியற்காலை நல்ல மழை. காலையில் கதவைத் திறந்த அம்மா, முற்றம் ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, 'யாரு தண்ணி ஊத்துனா?' என்று கேட்டார். மழை வந்து போனது அவருக்குத் தெரியவே இல்லை. அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவ்வளவு நல்லா தூங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு என்று. அந்த ஒரு தூக்கத்துக்காகவே சிமெண்ட் ஓட்டைக் கண்டுபிடித்தவரைக் கும்பிடலாம்.

கடன் பத்திரங்களோடு காப்புறுதிப் பத்திரமும் வந்தது. எந்தெந்த ஆபத்துகளுக்குக் காப்பு உண்டு என்கிற பட்டியலில் சூறாவளி, புயல், டைஃபூன் என்று அடுக்கியிருந்ததைப் படித்த இளவயதுக்காரனுக்கு அது ஜப்பானுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் எழுதியதாகத்தான் பட்டது. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதியில் டைஃபூன் உருவாகாது என்றுதான் பள்ளியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 2001 டிசம்பர் கடைசி வாரத்தில் தென்சீனக் கடலில், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரை பாகையில், வாமெய் உருவானது. அத்தனை தெற்கில் அதற்கு முன் ஒரு டைஃபூன் பதிவானதில்லை. 27-ஆம் தேதி அது ஏறிய கரை ஜொகூரின் தென்கிழக்குக் கரை. கூனோங் பூலாய் பக்கத்து மண்சரிவில் உயிர்கள் போயின. எந்த ஊருக்கோ எழுதியது என்று நினைத்த வரி எங்கள் மாநிலத்துக்குப் பொருந்திப் போனதை அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கூரைக்கு அந்த வரி தேவைப்பட்டது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. பெயர் வைத்த புயல் எதுவும் வரவில்லை, வழக்கமான விடியற்காலைக் காற்றுதான். முகட்டு ஓடுகளை ஒட்டியிருந்த சிமெண்ட் வெடித்துக் கிடந்திருக்கிறது. காற்று அதில் புகுந்து முகட்டில் ஒரு வரிசையையும் முன்பக்கச் சரிவில் ஒரு பகுதியையும் கிளப்பிவிட்டது. சிலிங் நனைந்து கூடத்தில் இறங்கியது. வாசலில் காருக்கு மேல் போட்டிருந்த ஆனிங் மடங்கி, பக்கத்து வீட்டு வேலியில் சாய்ந்து நின்றது.

முகவர் என் பழைய நண்பரின் மகள். போனை எடுத்ததும் அவள் கேட்டது, 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா அங்கிள்?' அடுத்தது, 'எதையும் அள்ளிப் போட்டுறாதீங்க. முதல்ல படம் எடுங்க, கிட்டத்துல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. அப்புறம் கென்வஸ் போட்டு மூடிடுங்க. மூடாம விட்டு மறுபடியும் நனைஞ்சா அதுக்குக் கேள்வி கேப்பாங்க.' இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் துப்புரவு செய்துவிடுவது நம் வீடுகளில் இயல்பாக நடப்பது; வீடு அலங்கோலமாக இருப்பதை வேறு ஆள் பார்க்கக் கூடாது என்கிற கூச்சம். அந்தக் கூச்சம் கிளேமைக் கெடுத்துவிடும்.

மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். அமைதியான இளைஞர். ஏணியில் ஏறி, சிலிங்குக்கு மேலே டார்ச் அடித்து, ஓட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்களைத் தொட்டுப் பார்த்து, காற்று உடைத்தது எது, வயதாகி உடைந்தது எது என்று தனித்தனியாக எழுதினார். காப்புறுதி காற்றுக்குத்தான், முதுமைக்கு இல்லை. எது காற்று, எது முதுமை என்று பிரிக்கிற இந்தக் கோட்டில்தான் முக்கால்வாசிச் சச்சரவுகள் பிறக்கின்றன. அவர் பிரித்த விதத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் நாட்டில் சாதாரணத் தீக் காப்புறுதி தீ, மின்னல், சமையல் வாயு வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும்; காற்றும் வெள்ளமும் வேண்டுமென்றால் வீட்டுடைமையாளர் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அதிலும் காற்றுச் சேதத்தின் முதல் பகுதியை, காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு அல்லது 200 ரிங்கிட், இரண்டில் எது குறைவோ அதை, வீட்டுக்காரர்தான் ஏற்க வேண்டும். ஆனிங், வேலி, கேட் போன்ற வெளிப்புறச் சாமான்களைக் காற்று கொண்டுபோனால் பொதுவாகக் காப்பு கிடையாது. தாமான்களில் எந்த வரிசையிலும் ஆனிங் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. காற்று முதலில் தூக்குவதும் அதைத்தான். இதை ஒவ்வொரு முகவரும் வாய்விட்டுச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து ஆள் தேட வேண்டும். தோட்டத்தில் ஆசாரி மாமாவை யாரும் தேடியதில்லை. காற்று நின்றதும் ஏணியோடு அவர் வந்துவிடுவார். இங்கே விளக்குக் கம்பம்தோறும் கூரை ஒழுகலுக்கு என்று கைத்தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறது, கீழே பெயர் இல்லை, முகவரி இல்லை. காற்றடித்த மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்று, பாதிப் பணம் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்பவர்களும் உண்டு. நண்பர்கள் சொன்ன வழியில் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்ற இரண்டு குத்தகையாளர்களிடம் விலை கேட்டோம். ஒருவர் மொத்தமாக ஒரு தொகையை எழுதி அனுப்பினார். இன்னொருவர் ஓடு இவ்வளவு, சட்டம் இவ்வளவு, முகடு இவ்வளவு, சாரம், குப்பை அகற்றுதல், கூலி என்று வரிவரியாகப் பிரித்திருந்தார். மதிப்பீட்டாளருக்குப் பயன்பட்டது இரண்டாவதுதான். வரிவரியாக இருந்தால்தான் எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று அவர்களும் நியாயமாகப் பேச முடிகிறது.

இரண்டாமவர் ஒரு தமிழ்ப் பையன், முப்பதுகளில் இருப்பார். தாத்தா லாபீஸ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவராம். கூரையில் ஏறி இறங்கி வந்து அவர் சொன்ன முதல் செய்தி எனக்குப் பிடித்தது. 'கீழ இருக்கிற மரம் தங்கம் அங்கிள். இந்த மாதிரி மரம் இப்ப போடுறதில்ல, எல்லாம் இரும்புச் சட்டம்தான். மரத்தை விட்டுடுவோம்.' இரண்டாவது செய்தி அவ்வளவு நல்லதல்ல: அந்த அச்சில் ஓடு இப்போது செய்வதில்லை. உடைந்ததை மட்டும் மாற்ற முடியாது, ஒரு அச்சோடு இன்னொரு அச்சு கவ்வாது. முன்சரிவு முழுவதையும் மாற்றியாக வேண்டும். அதைப் படத்தோடும் ஒரு பழைய ஓட்டோடும் எழுதிக் கொடுத்ததால் காப்புறுதிக்காரர்கள் முன்சரிவை ஒப்புக்கொண்டார்கள். காற்று தொடாத பின்சரிவுக்கு எங்கள் கைப்பணம். பணத்தை அவரும் ஒரேயடியாகக் கேட்கவில்லை. சாமான் இறங்கும்போது ஒரு பகுதி, முகடு மூடியதும் ஒரு பகுதி, ஒரு நல்ல மழை பெய்து பார்த்த பிறகு மிச்சம்.

வேலை நடந்த நாள்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தோனேசியப் பையன்கள் இருவர் கூரையில் நடந்த லாவகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பசியே தெரியாது. முகட்டுக்கு இப்போது சிமெண்ட் பூசுவதில்லை. அடியில் ஒரு பட்டையை ஒட்டி, ஒவ்வொரு முகட்டு ஓட்டையும் திருகாணியால் இறுக்குகிறார்கள். காற்று இனி நெம்புவதற்கு வெடிப்பு கிடைக்காது. கழற்றிய பழைய ஆணிகள் ஒரு வாளியில் கிடந்தன. அவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரும்புக் கடைக்குத்தான் என்றார் குத்தகையாளர் தம்பி. ஒன்றை எடுத்து, முதுகைத் தடவிப் பார்த்தேன்; கை இன்னும் மறக்கவில்லை. ஆசாரி மாமா ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்திருப்பார்.

பின்கட்டு அடுப்படிக்கு மட்டும் தகரம்தான் வேண்டும் என்று நான் சொன்னதில் வீட்டில் ஒரு சின்ன விவாதம். தகரத்துக்கு அடியில் வெப்பமும் சத்தமும் தாங்குகிற பஞ்சுப் படலம் ஒட்டித்தான் இப்போது போடுகிறார்கள். படலம் வேண்டாம் என்றேன். வெக்கையாக இருக்கும் அங்கிள் என்றார் அவர். மகள் என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் பாதிக்குப் படலம், பாதிக்கு வெறும் தகரம் என்று முடிவானது. அந்த வெறும் பாதிக்குக் கீழேதான் காலைக் கோப்பி குடிக்கிறேன். மழை நாளில் பேரப்பிள்ளைகளும் அங்கே வந்துவிடுகிறார்கள்.

ஆனால் எனக்கு உறைத்த விஷயம் வேறு. லயத்தைப் போலவே இந்த வரிசை வீடுகளுக்கும் மேலே ஒரே கூரைதான் நீண்டு போகிறது. கீழே இருக்கிறவர்கள்தான் சுவர் சுவராகப் பிரிந்து, ஆளுக்கொரு பத்திரம், ஆளுக்கொரு கேட் என்று ஆகிவிட்டோம். எங்கள் புது ஓடு முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரின் வெளுத்த ஓடு தொடங்குகிறது, அந்த ஓரத்தில் அவருடையதும் நாலைந்து வரிசை கிளம்பியிருந்தது. என் பக்கத்தை எவ்வளவு ஒழுங்காக மூடினாலும் அவர் பக்கம் திறந்திருந்தால் தண்ணீர் இரண்டு வீட்டுக்கும்தான் வரும் என்று தம்பி கையால் காட்டிச் சொன்னார். பெரியவரிடம் காப்புறுதி பற்றிக் கேட்டேன். இருக்கிறது, வீடு வாங்கியபோதே பேங்க்காரர்கள் எடுத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். அது எம்ஆர்டிஏ. கடன் கட்டுகிறவர் இறந்தால் மிச்சக் கடனை அடைக்கிற காப்புறுதி. கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டடத்துக்கு பேங்க் வருஷா வருஷம் எடுத்து வந்த காப்புறுதியோ கடன் அடைந்த வருஷத்தோடு நின்றுபோயிருந்தது. நின்றது அவருக்குத் தெரியாது. கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் விருந்து வைத்ததும், அந்த விருந்துக்கு நாங்கள் போனதும்தான் இருவருக்கும் நினைவிருந்தது.

இது அவர் ஒருவரின் கதையல்ல. 80-களிலும் 90-களிலும் ஜொகூரின் தாமான்களில் குடியேறியவர்களில் கடனை அடைத்து முடித்தவர்கள் ஏராளம். வீட்டுக்கு வயதாகி, முகட்டுச் சிமெண்ட் வெடிக்கத் தொடங்குகிற அதே காலத்தில்தான் கடனும் முடிகிறது, கடனோடு காப்பும் முடிகிறது, சம்பளமும் ஓய்வூதியமாகவோ பிள்ளைகள் கொடுக்கிற காசாகவோ சுருங்குகிறது. தோட்டத்தில் வீடு நமதில்லை என்பதால் ஈடு கேட்க வழியில்லை. இங்கே வீடு முழுக்க நமதான அன்றைக்கே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கடன் முடிந்தவர்களுக்குக் கட்டடக் காப்புறுதி நிற்கப்போகிறது, தொடர விருப்பமா என்று கேட்டு ஒரு கடிதம் போவதைக் கட்டாயமாக்கினால் யாருக்கும் பெரிய செலவில்லை. அம்மாவின் அரிசியையும் என் புத்தகங்களையும் நினைக்கும்போது, இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பெரியவரின் ஓரத்தைத் தம்பி எங்கள் சாரம் நின்றிருந்தபோதே சேர்த்துச் செய்துவிட்டார். சாரத்துக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. என் பின்சரிவிலிருந்து இறக்கிய நல்ல பழைய ஓடுகள் அவர் ஓட்டோடு கவ்வின என்பதால் செலவும் குறைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மகள் வந்தபோது, அவள் பேச வந்தது என்னோடுதான் என்றாலும், பெரியவரையும் அழைத்தேன். அவர் கோடி வீட்டுச் சீன அம்மாவை அழைத்து வந்தார், அந்த அம்மா எதிர் வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரை. ஆனிங் இல்லாத வாசலில் நாற்காலிகள் போட்டு, ஆளுக்கொரு பழைய ஃபைலோடு உட்கார்ந்தோம். யாருக்குக் கடன் முடிந்தது, யாருக்கு இன்னும் ஓடுகிறது, யாரிடம் இருப்பது தீக் காப்புறுதி மட்டும் என்று அவள் பிரித்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்ற கேள்வி வந்ததும் பெரியவர் வீடு இன்று விலைபோகிற தொகையைச் சொன்னார். நிலத்தின் விலையைக் கழிக்க வேண்டும், வீடு இடிந்தால் திரும்பக் கட்ட ஆகிற செலவுதான் கணக்கு. அதைவிடக் குறைத்து எடுத்தால், சேதம் வரும்போது எந்த அளவு குறைத்தோமோ அந்த அளவுக்கு இழப்பீட்டையும் வெட்டுவார்கள் என்று அவள் மலாயில் பொறுமையாக விளக்கினாள். அப்படியானால் வீட்டின் சதுர அடி தெரிய வேண்டுமே என்றார் ஆசிரியர். ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. தம்பியைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வோம், அவர்தான் எல்லோர் கூரையையும் மேலிருந்து பார்த்தவர் என்றார் சீன அம்மா. நான் அவருக்குப் போன் போட்டேன்.